சூடத்தை அணைக்காத மனிதர்

என் மகள் இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன வருஷம் அவள் வீட்டுப் பின்கதவை நெம்பித் திறந்து, லேப்டாப்பையும் மருமகனுடைய சைக்கிளையும் யாரோ கொண்டுபோய்விட்டார்கள். போலீசுக்குப் போன் செய்திருக்கிறாள். அந்தப் பக்கம் எடுத்த பெண் மிகவும் தன்மையாகப் பேசி, புகாருக்கு ஒரு நம்பர் கொடுத்தாளாம். ஆள் மட்டும் வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து, துப்புக் கிடைக்காததால் விசாரணையை முடித்துவிட்டோம், மனசு கஷ்டமாக இருந்தால் ஆறுதல் சொல்ல ஆள் இருக்கிறது என்று செல்போனில் ஒரு செய்தி வந்திருக்கிறது. நான் போலீஸ் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். அதைக் கேட்டதும் எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் வந்தது. உடைந்த கதவு ஒன்று இருக்கிறது என்று தெரிந்தும் போய்ப் பார்க்காமல் எப்படி இருக்க முடிகிறது? எனக்கென்றால் மண்டை வெடித்துப் போகும்.

"அம்மா, நம்ம ஊர்ல நீங்க வருவீங்க, ஜனங்க கூப்பிட மாட்டாங்க. இங்க ஜனங்க கூப்பிடுறாங்க, போலீஸ் வர்றதில்ல" என்றாள் மகள். பெற்ற பிள்ளையே இப்படிச் சொன்னால் என்ன செய்வது? சிரித்து வைத்தேன். ஆனால் அந்தப் பேச்சு என்னை விடவில்லை.

பிறகு அவள் பிரசவத்துக்குத் துணையாக நானே அங்கே போனேன். அந்த ஊர்ப் பழைய போலீஸ் ஸ்டேஷன் இப்போது காபிக்கடை. லாக்கப் இருந்த அறையில் கண்ணாடிப் பெட்டி வைத்துக் கேக் விற்கிறார்கள். கடைக்கு வெளியே ஓர் இளம் கான்ஸ்டபிள் நின்றான். நான் சும்மா இருப்பேனா? மகள் முந்தானையைப் பிடித்து இழுக்க இழுக்க, அவளையே மொழிபெயர்க்கச் சொல்லி அவனிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறதாம், இந்தத் தெருவில் யாரையும் தெரியாதாம். நாங்கள் வருவோம் என்கிற நம்பிக்கை ஜனங்களுக்குப் போய்விட்டது, அவர்களையும் குறை சொல்ல முடியாது என்றான். சொல்லும்போது முகம் சிவந்துவிட்டது. நெஞ்சில் சின்னதாக ஒரு கேமரா மாட்டியிருந்தான். ஒரு பெண் உன்னிடம் ரகசியமாக ஒன்று சொல்ல வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். கேமரா ஓடுகிறது என்று முதலில் சொல்லிவிடுவேன், அதற்குப் பிறகு சொல்வதும் சொல்லாததும் அவர்கள் விருப்பம் என்றான். நேர்மையான பதில்தான்.

ஊர் திரும்பினால், இங்கே கொடைக்கானலிலும் நம் போலீஸ் பிள்ளைகளுக்கு அதே கேமராவைக் கொடுத்திருக்கிறார்கள். அட்டுவம்பட்டியில் என் வீட்டுக்கு வந்த இரண்டு பெண் கான்ஸ்டபிள்கள், "அக்கா, இத மாட்டுனா ஜனங்க நம்மள நம்புவாங்களா?" என்று கேட்டார்கள். கேமரா இல்லாத காலத்தில் சில ஸ்டேஷன்களின் பின்கட்டில் என்னென்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அதனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அது என் நெஞ்சில் இருந்திருந்தால் ஒரு வழக்கு எப்படிப் போயிருக்கும் என்ற யோசனை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அதைச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம். எனக்குச் சொந்த ஊர் அய்யம்பாளையம். மருதாநதித் தண்ணீரில் விவசாயம் செய்த குடும்பம். நான் போலீசில் சேர்ந்ததற்குப் பெரிய லட்சியம் எல்லாம் கிடையாது. அடுத்த வீட்டு விஷயம் தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். "இவ நோண்டுற நோண்டுக்குப் போலீஸ்லதான் சம்பளம் குடுப்பாங்க" என்று அம்மா சொல்வாள். பயிற்சியில் ஓடவும் லத்தி பிடிக்கவும் சட்டப் பிரிவுகளை ஒப்பிக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். அழுகிற ஒருத்தி முன்னால் எப்படி உட்காருவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. மலைக்கு மாற்றல் ஆகி வந்த புதிதில், சீசனுக்கு ஏரியைச் சுற்றி விசில் ஊதி வண்டிகளை ஒதுக்கியதுதான் என் பெரிய சாதனை.

உட்காரச் சொல்லிக் கொடுத்தவர் இன்ஸ்பெக்டர் தேவசகாயம். நாகர்கோவில் பக்கத்துக்காரர், ஒல்லியான மனிதர், குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. புகார் கொடுக்க யார் வந்தாலும் தொப்பியைக் கழற்றி மேஜைக்குக் கீழே, மடியில் வைத்துக்கொள்வார். அவர்கள் பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு கேள்வி கேட்கமாட்டார். ரைட்டர் எழுதி முடித்த பிறகு, அதை வந்தவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டச் சொல்வார். வாசித்ததும் அவர் கேட்பது ஒரே கேள்விதான். "இது நீங்க சொன்னதா, நாங்க சொன்னதா?"

எங்கள் ரைட்டருக்கு ஸ்டேஷன் தமிழ் ஒன்று உண்டு. புருஷன் அடித்தான் என்று ஒருத்தி வந்தாள். "மேற்படி எதிரியானவர் என்னை நோக்கி ஆபாச வார்த்தைகளைப் பிரயோகித்து" என்று ரைட்டர் வாசித்தார். அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு, "ஐயா, எம்புருசன் இதெல்லாம் செய்யலைங்க, அடிக்கத்தான் செஞ்சான்" என்றாள். இன்ஸ்பெக்டர் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவள் சொல்லச் சொல்லத் தன் கையாலேயே எழுதினார். ரைட்டர் ஒரு வாரம் என்னிடம்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை.

இனி அந்த வழக்கு. மேல்மலையில் ஒரு கிராமம், பேர் வேண்டாம், அவர்கள் எல்லாம் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆட்களின் பேரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். அங்கே பூண்டுதான் வெள்ளாமை. அடுத்த பருவத்துக்கான விதைப் பூண்டைக் காய்ந்த தண்டோடு கொத்தாகக் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவார்கள். மாதக்கணக்கில் புகை ஏறினால்தான் பூச்சி விழாது, நட்டால் நன்றாக முளைக்கும். முத்தாயி என்று ஒரு விதவை. அவள் தோட்டத்துக்குப் போயிருந்த பகல் வேளையில் பரண் காலியாகிவிட்டது. நடவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. விதை இல்லையென்றால் அந்த வருஷம் அவள் நிலம் தரிசு.

அந்த ஊரில் களவு போனால் போலீசுக்கு வருவது வழக்கமில்லை. ஊர்ப் பெரியதனக்காரர் மந்தையில் கூட்டம் போடுவார். சாமி முன்னால் ஒரு கல்லில் சூடத்தை ஏற்றி வைப்பார்கள். சந்தேகத்துக்கு ஆளானவர்கள் ஒவ்வொருவராக வந்து, நான் எடுக்கவில்லை என்று சொல்லி உள்ளங்கையால் அதை அணைக்க வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தால் வம்சம் விளங்காது என்பது நம்பிக்கை. இந்தக் களவுக்கும் அப்படியே நடந்தது. எல்லோரும் அணைத்தார்கள், யோகராஜைத் தவிர. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், எனக்கு வேண்டாம் என்றார், வீட்டுக்கு நடந்துவிட்டார்.

யோகராஜ் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளை. கூலி வேலை. அந்த வருஷம் முத்தாயியின் பரணில் பூண்டைக் கட்டித் தொங்கவிட்டதும் அவர்தான். அப்புறம் கேட்கவா வேண்டும்? ஊர் முடிவு செய்துவிட்டது. யாரும் அவருக்கு வேலை தரக்கூடாது, கடையில் சாமான் தரக்கூடாது. அடுத்த வெள்ளிக்கிழமை ஊர் கூடும்போது சூடத்தை அணைக்க வேண்டும், இல்லையென்றால் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு மலையை விட்டு இறங்கிவிட வேண்டும்.

இது எல்லாம் முடிந்த பிறகுதான் முத்தாயி, பெரியதனக்காரரிடம் சொல்லாமல், காய்கறி வேனில் ஏறி எங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள். ஊரில்தான் விசாரித்து விட்டார்களே என்று ரைட்டர் கேட்டதற்கு அவள் சொன்னது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. "சத்தியத்த நட்டா மொளைக்குமாங்க? எனக்கு வெதை வேணும்."

மோப்ப நாயை வரவழைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வீட்டுக்கு வீடு பூண்டு தொங்குகிற ஊரில் அந்த வாயில்லா ஜீவன் தும்மியே செத்துப் போகும் என்றார் இன்ஸ்பெக்டர். மறுநாள் ஜீப்பை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போனோம். ஜீப் சத்தம் கேட்டால் மேல்மலையில் கதவெல்லாம் சாத்திக்கொள்ளும். அவர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, யோகராஜ் வீட்டைப் பார்த்துவர என்னை மட்டும் அனுப்பினார். பெண்கள் இருக்கிற வீட்டுக்குள் ஆண் போலீஸ் நுழைவது அவருக்குப் பிடிக்காது.

நான் மேடேறும்போது எனக்கு முன்னால் யோகராஜ் தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடத்தோடு ஏறிக்கொண்டிருந்தார். குழாயடியில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டீக்கடைப் பக்கமிருந்து ஒருவன், "ஏலே, சேலையும் கட்டிக்கிற வேண்டியதுதான" என்று கத்தினான். அந்த ஊரில் ஆம்பிளை தண்ணீர் சுமக்க மாட்டான். பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்றால்கூட அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லிவிடுவானே தவிரக் குடத்தைத் தொடமாட்டான். இந்த மனிதர் ஊரே காறித் துப்புகிற நேரத்தில், அத்தனை பேர் முன்னால், இதையும் ஏன் செய்கிறார்? களவைவிட இந்தக் குடம்தான் என்னை அரித்தது.

வீட்டில் ஒற்றை அறை. பரணில் ஒரு பல் பூண்டு இல்லை, விறகுதான் இருந்தது. அவர் மனைவி தவமணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், இல்லை. நானும் ஒன்று பெற்றவள்தானே. யோகராஜை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "எத்தன மாசம்?" என்று கேட்டேன்.

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "மூணு முடியலக்கா. முன்ன ரெண்டும் தங்கல. அப்பல்லாம் ஊருக்கே சொல்லிட்டுத் திரிஞ்சம். இந்தத் தடவ அஞ்சு முடியிற வரைக்கும் வாய் தொறக்கிறதில்லன்னு நேந்துக்கிட்டம்."

அப்படியானால் சூடம்? அதையும் கேட்டேன். மாசமாக இருக்கிறவளின் புருஷன் எரிகிற எதையும் கையால் அணைக்கக் கூடாது, சத்தியமும் செய்யக் கூடாது, மெய்ச் சத்தியமானாலும் பிள்ளைக்கு ஆகாது என்று அவர்கள் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வார்களாம். ஏன் அணைக்கவில்லை என்று அவர் சொல்ல வாயெடுத்தால் நேர்ச்சை போய்விடும். சொல்லாவிட்டால் திருடன். அவள் என்னை நம்பிச் சொன்னாள். சொல்லி முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருக்கும் சொல்லிராதீங்கக்கா, ஐயாவுக்கும்" என்றாள். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மேட்டிலிருந்து இறங்கும்போது இதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். மந்தையில் நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊர் அப்படியே அடங்கிவிடும், பிள்ளைத்தாய்ச்சியை யாரும் விரட்டமாட்டார்கள். ஆனால் அந்த வார்த்தை என்னுடையது இல்லையே. பிள்ளை மறுபடி தங்காமல் போனால், நான் வாயைத் திறந்ததால்தான் என்று அவள் ஆயுசுக்கும் நினைப்பாள். அது உண்மையா மூடநம்பிக்கையா என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. சொல்லாமல் இருந்தாலோ, வெள்ளிக்கிழமை அவள் இந்த உடம்போடு மலைப்பாதையில் லாரியில் குலுங்கிக்கொண்டு இறங்க வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பிள்ளைதான் நடுவில் இருந்தது.

இன்ஸ்பெக்டர் என்ன பார்த்தாய் என்று கேட்டார். பூண்டு இல்லை என்றேன். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அவரு சூடத்த அணைக்காததுக்குக் காரணம் இருக்குங்கய்யா. அது களவு இல்ல. ஆனா என்னன்னு சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன்" என்றேன். ஒரு கான்ஸ்டபிள் இன்ஸ்பெக்டரிடம் இப்படிப் பேசினால் அன்றைக்கே எங்காவது தூக்கி அடித்துவிடுவார்கள். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"சரி, அத நீயே வச்சுக்க. அந்தக் கல்லுல சூடத்த ஏத்துனது யாரு?"

எனக்கு முதலில் புரியவில்லை. விசாரித்ததில், பெரியதனக்காரரின் அக்காள் மகன் ஒருவன்தான் எப்போதும் சூடம் ஏற்றி வைப்பவன் என்று தெரிந்தது. ஊரே வரிசையில் நின்று சத்தியம் செய்திருக்கிறது. ஏற்றி வைத்தவனிடம் மட்டும் யாரும் சத்தியம் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவும் இல்லை. அதற்காக அவனைத் திருடன் என்று சொல்லிவிட முடியாது என்றும் இன்ஸ்பெக்டர் சொன்னார். ஊர் செய்த அதே தப்பை நாமும் செய்யக் கூடாதாம்.

அடுத்த நாள் வெள்ளனே அவர் வேட்டி சட்டையிலும் நான் சேலையிலும், அண்ணன் தங்கச்சி மாதிரி பஸ் ஏறி வடுகப்பட்டிப் பூண்டுச் சந்தைக்கு இறங்கினோம். திருட்டுப் பூண்டு வந்ததா என்று அவர் ஒரு கடையிலும் கேட்கவில்லை. மேல்மலைப் பூண்டு, நன்றாகப் புகையேறியது, விதைக்குக் கிடைக்குமா என்றுதான் கேட்டார். பல கடைகளில் சிரித்தார்கள். நடவு நேரத்தில் விதைப் பூண்டை எந்தச் சம்சாரி விற்பான் என்றார்கள். ஒரு கடைக்காரர் மட்டும், அதிசயமாக ஒரு பையன் போன வாரம் கொண்டுவந்தான், விதையை ஏனப்பா விற்கிறாய் என்று கேட்டதற்கு அத்தை இந்த வருஷம் நடவு போடவில்லை என்றான், நல்ல பூண்டாயிற்றே என்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன் என்றார். மூட்டையைப் பிரித்ததும் அடுப்புப் புகை வாசம் குப்பென்று அடித்தது. கடைக்காரர் சொன்ன அடையாளம், பேர் எல்லாம் அந்த அக்காள் மகனைத்தான் காட்டியது. எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல இருந்தது.

அப்போதும் இன்ஸ்பெக்டர் ஜீப்பை ஊருக்குள் விடவில்லை. பெரியதனக்காரருக்கு ஆள் அனுப்பி, நீங்களே பையனை அழைத்து வாருங்கள் என்றார். அவர் அழைத்து வந்தார், தலை நிமிரவில்லை. பையன் ஒப்புக்கொண்டான், வழக்குப் பதிவானது. முத்தாயி தன் பூண்டை முகர்ந்து பார்த்துவிட்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நாங்களும் போனோம். யோகராஜ் மேல் குற்றமில்லை என்று பெரியதனக்காரர் தன் வாயாலேயே சொன்னார். சொல்லிவிட்டும் அவருக்கு ஆறவில்லை. "எல்லாஞ் சரிங்கய்யா. அப்ப இவன் ஏன் சூடத்த அணைக்கல?" என்றார். மந்தை மொத்தமும் யோகராஜைத் திரும்பிப் பார்த்தது. அவர் என்னைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் எழுந்து, "களவுக்குச் சம்பந்தமில்லாதத போலீசே கேக்கல. ஊரும் கேக்க வேணாம்" என்றார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. சிலோன்காரனுக்குப் போலீஸ் வக்காலத்து வாங்கியது என்று இன்றைக்கும் அங்கே சொல்கிறவர்கள் உண்டு.

தவமணிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. அதற்குப் பிறகுதான் ஊர்ப் பெண்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, குடம் சுமந்ததையும் சூடத்தை அணைக்காததையும் சேர்த்துப் புரிந்துகொண்டார்கள். அந்தப் போலீஸ்காரிக்கு அப்போதே தெரிந்திருக்கிறது, மூச்சு விடவில்லை பார் என்று பேச்சாகியிருக்கிறது. அதன் பிறகு மேல்மலையிலிருந்து பெண்கள் காய்கறி வேனில் ஏறி என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். நான் ரிட்டயர் ஆகும்வரை அது நிற்கவில்லை.

இதை எழுதி முடித்ததும் தவமணிக்குப் போன் செய்தேன். அவளைக் கேட்காமல் அச்சுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டினேன். குடம் வந்த இடத்தில் சிரித்தாள். முடித்ததும், இன்ஸ்பெக்டர் கேட்கிற மாதிரியே, "இது நீ சொன்னதா தவமணி, நான் சொன்னதா?" என்று கேட்டேன்.

"எல்லாஞ் சரிதாங்கக்கா, ஒரு எடந்தான் தப்பு" என்றாள். "'நம்பிச் சொன்னா'ன்னு எழுதிருக்கீங்க. அன்னைக்கு நான் உங்கள நம்பல. நீங்கதான் கண்டுபிடிச்சுக் கேட்டுட்டீங்க, மறைக்க வழியில்லாமச் சொன்னேன். நீங்க போனப்பறம் அவரும் நானும் அழுதுக்கிட்டுக் கெடந்தம், விடிஞ்சா ஊருக்கே தெரிஞ்சிருமேன்னு. மறுநா காலைல வாசல்ல ஒக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். கொழாயடிக்குப் போற பொம்பளைக அத்தன பேரும் எங்கள வைஞ்சுக்கிட்டேதான் போனாளுக. ஒருத்திகூட என் வயித்தப் பாக்கலக்கா. அப்பத்தான் நம்புனேன்."